ஆறு நிமிட வெற்றிடம்

ஏழாம் அத்தியாயம்

"காந்தத்தைக் கண்டா இந்தக் கற்றை வழி மாறிடுமா?" என்று கேட்டார் லாசர்.

"'சோல்ட்' எண்டு மலிவு விற்பனை போர்டைக் கண்டால் எங்கட சனம் ரோட்டு மாறுமே முசியே, அது மாதிரி" என்றான் வாமதேவன்.

யாரும் சிரிக்கவில்லை. வாமதேவனுக்கு அது பழக்கம்தான். இருந்தாலும் எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஒருமுறையாவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. கல்யாணி இந்த அறைக்கு வரத் தொடங்கிப் பத்து நாளாகிறது. பத்து நாளும் அதே சாம்பல் நிறச் சால்வை, அதே முகம்.

பாரிஸில், ரூ லூயி-பிளாங்க் தெருவில், ஒரு பயண முகவர் கடையின் மேல்மாடியில் இருந்தது லாசரின் அலுவலகம். முப்பது வருடம் பிரெஞ்சுச் சுங்கத்தில் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர், ஓய்வுபெற்ற பிறகு தனியார் துப்பறிவாளராகி மனிதர்களைத் திறந்து பார்க்கத் தொடங்கியிருந்தார். புதுச்சேரிக்காரர்; வாமதேவனுக்கு அவர் எப்போதும் 'முசியே', ஐயா. வாமதேவன் யாழ்ப்பாணத்தான், நாற்பத்தொரு வயது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் உணவகங்களில் பதினைந்து வருடம் பாத்திரம் கழுவியதில் அந்தப் பகுதியின் எல்லா வாய்களையும், எல்லா வயிறுகளையும் அறிந்து வைத்திருந்தான். அந்த அறிவுக்குத்தான் லாசர் அவனைக் கூட வைத்திருந்தார். நகைச்சுவை கொசுறு.

மேசைமேல் ஒரு படம் கிடந்தது. நடுவில் அறுக்கப்பட்ட எஃகுத் தண்டு ஒன்றின் படம்.

"இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார் லாசர். "எனக்குப் புரியற மாதிரி."

கல்யாணி சொன்னாள். அவள் கணவன் நெடுஞ்செழியன் புறநகர் எபினேயில் ஒரு பட்டறையில் எலெக்ட்ரான் கற்றை வெல்டிங் இயந்திரத்தை ஓட்டுகிறவன். எஃகால் ஆன ஒரு சின்ன அறை. பம்ப்புகள் அதிலுள்ள காற்றையெல்லாம் இழுத்து வெளியே தள்ளிவிடும். வெற்றிடத்தில் ஓர் இழை பழுத்து எலெக்ட்ரான்களைக் கொட்டும். மின்னழுத்தம் அவற்றை ஊசிபோல ஒடுக்கிக் கீழே பாய்ச்சும். இரண்டு துண்டுகள் சந்திக்கிற கோட்டில் அந்த ஊசி இறங்கினால், இரண்டு சென்டிமீட்டர் ஆழம் வரை இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். வெளியே தெரிவது ஒரு மெல்லிய தையல் மட்டும். ராக்கெட் முதல் கார் கியர் வரை இப்படிச் சேர்க்கிறார்கள். இவர்கள் சேர்த்தது ஹெலிகாப்டரின் கியர்ப்பெட்டிக்குள் போகும் தண்டு.

"எஃகுல கொஞ்சம் காந்தம் மிச்சம் இருந்தாப் போதுங்க. கற்றை சாஞ்சிரும். மேல பாத்தா தையல் அழகா இருக்கும். உள்ள கோட்டை விட்டு விலகிப் போயிருக்கும். ஒட்டாத தண்டு ஒட்டின மாதிரி தெரியும்."

அப்படி ஒட்டாத தண்டு ஒன்று நவம்பர் முதல் வாரத்தில் சோதனை மேடையில் சுழலும்போது இரண்டாக உடைந்தது. மேடையில் நின்ற தியரி என்ற தொழிலாளி அங்கேயே இறந்துபோனார். அதன்பிறகு எல்லாத் தண்டுகளையும் ஆராய்ந்தார்கள். உடைந்ததையும் சேர்த்துப் பதினொன்று கெட்டவை. பதினொன்றிலும் காந்தம் மிச்சமிருந்தது. பதினொன்றையும் பற்றவைத்தது நெடுஞ்செழியனின் ரகசிய எண்; அந்தக் 'கோட்' போட்டால்தான் இயந்திரம் ஓடும். திங்கட்கிழமை காலை விசாரணை நீதிபதி முன்னால் அவன் நிற்க வேண்டும்.

"போலீஸ்ல அவரு சொன்னது ஒரே வரி. 'அது என் கோட்தான்.' வீட்லயும் அதேதான். ஆனா அவரு காந்தம் பாக்காம விடற ஆள் இல்லீங்க. தோசைக்கல்லு சூட்டையே மூணு தடவ பாப்பாரு." கல்யாணி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவரு கோட வேற யாரோ போட்டிருக்காங்க. யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

அதுதான் வழக்கு. வக்கீல் ஜிஸ்லேன் அம்மையார் இன்று மாலை ஆறு மணிவரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு எது கிடைத்தாலும் திங்கட்கிழமைக் கோப்பில் சேராது.

லாசர் இயந்திரத்தின் பதிவுத் தாள்களைத் தள்ளினார். இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட பதிவு. ஒவ்வொரு வரியும் ஒரு பற்றவைப்பு: நாள், மணி, எண். "பதினொண்ணுக்கும் பொதுவா ஏதாவது இருக்கணும். எஃகு ஒண்ணா? இல்ல. கிழமை ஒண்ணா? அதுவும் இல்ல. வெள்ளி பத்து அம்பத்திரண்டு. செவ்வாய் மூணு இருபது. வியாழன் ரெண்டு அஞ்சு. என்னா ஒரு குப்பை."

"தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறன்" என்று வாமதேவன் எழுந்தான். "மூளை ஓடாட்டி வயித்தையாவது ஓடவிடுவம்."

கீழே பயண முகவர் கடையில் பழுப்புக் குளிர்கோட்டு அணிந்த ஓர் அம்மா மடியில் மூன்று பாஸ்போர்ட்டுகளுடன் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் விசைப்பலகைமேல் விரலை வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்த இடம் போயிடும். இப்ப அடிச்சால்தான் உண்டு."

"போனால் போகட்டும். பன்னிரண்டு அடிக்கட்டும் தம்பி. வெள்ளிக்கிழமை ராகு காலத்திலை அடிச்ச ரிக்கற்றிலை நான் ஏறமாட்டன்."

வாமதேவனால் வாயை மூடிக்கொண்டு போக முடியவில்லை. "ஏனம்மா, ராகு பாரிஸுக்கு வந்தால் பாரிஸ் நேரம் பாக்கிறவரோ, யாழ்ப்பாண நேரம் பாக்கிறவரோ?"

அந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார். "மணிக்கூடு எந்தச் சுவரிலை தொங்குதோ, அந்தச் சுவரின்ரை நேரம்."

அவன் சிரித்தபடி கதவைத் திறந்தான். பாதி திறந்த கதவில் கையை வைத்தபடி அப்படியே நின்றான். குளிர்காற்று கடைக்குள் புகுந்தது. கடைக்காரர் திட்டினார். வாமதேவன் திரும்பிவந்து, சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியை ஆணியோடு பிடுங்காத குறையாகக் கழற்றிக்கொண்டு மாடிப்படிகளில் இரண்டு இரண்டாக ஏறினான்.

"தேத்தண்ணி எங்கப்பா?"

"முசியே, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. செவ்வாய் மூண்டு முதல் நாலரை. வியாழன் ஒண்டரை முதல் மூண்டு." மூச்சு வாங்கியது அவனுக்கு. "பதினொண்டையும் வாசியுங்கோ."

லாசர் வாசித்தார். ஒவ்வொன்றாக. பதினொன்றும் உள்ளே விழுந்தன. ஒன்றுகூட அந்த வேலிக்கு வெளியே இல்லை.

பிறகு லாசர் பழைய தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினார். அங்கே காத்திருந்தது அதைவிடப் பெரிய விஷயம். இரண்டு வருடமாக, இந்த செப்டம்பர் வரை, நெடுஞ்செழியனின் எண்ணில் ராகு காலத்தில் ஒரு பற்றவைப்புக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை பத்து இருபத்தெட்டு, அடுத்தது பன்னிரண்டு இரண்டு. அப்படியே வரிசையாக, வாரம் தவறாமல். செப்டம்பரில் புது இயந்திரம் வந்ததும் அந்த ஓட்டை அடைபட்டது. அந்த நேரங்களில் எழுபத்து நான்கு தண்டுகள். அவற்றில் பதினொன்று கெட்டவை. மற்ற நேரங்களில் பற்றவைத்த நூற்றுக்கணக்கானவற்றில் கெட்டது ஒன்றுமில்லை.

"இந்த நேரத்துல இவரு பட்டன் மேல கை வெக்க மாட்டாரு" என்றார் லாசர் மெதுவாக. "கை வெச்சது வேற ஆளு. அம்மா, உன் புருஷன் ராகு காலம் பாப்பாரா?"

கல்யாணி முதல்முறையாகச் சிரித்தாள். வாமதேவன் பத்து நாளாக எதிர்பார்த்த சிரிப்பு, ஆனால் அதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

"அவரு பேர பாருங்க. எங்க மாமனார் கறுப்புச் சட்டை. எங்க கல்யாணத்தையே ராகு காலத்துலதான் வெச்சாரு. வேணும்னே. மைக்குல அறிவிச்சிட்டு. எங்க வீட்ல இந்த மாதிரி காலண்டர் மாட்டினதே கிடையாது."

"அப்ப இந்த ஓட்டை எந்தத் தேதியில ஆரம்பிக்குதுன்னு பாக்கலாம்" என்று லாசர் விரலைத் தாளில் ஓட்டினார். "அதுக்கு முன்னாடி எல்லா நேரத்துலயும் வேல செஞ்சிருக்காரு. நிக்கறது… ரெண்டாயிரத்துப் பதினொண்ணு, அக்டோபர் பதினேழு. அதுக்கு முந்தின வாரம் லீவு."

கல்யாணி நாள்காட்டியை எடுத்து, அதன் அட்டையில் இருந்த ராகு காலப் பட்டியலில் செவ்வாய்க்கிழமைக்கு எதிரே இருந்த எண்களைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"பதினொண்ணாம் தேதி செவ்வாய்க்கிழமை" என்றாள். "மூணு பத்துக்குப் பாப்பா பொறந்தது. அழல." நாள்காட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "எங்கிட்ட சொல்லவே இல்ல. ரெண்டு வருஷமா தனியா பயந்துட்டு இருந்திருக்காரு."

லாசர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். துக்கத்துக்கு இடம்விட அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். "அந்த அறையில கூட வேல செஞ்சது யாரு?"

"அல்பிரட் அண்ணன் மட்டும்தாங்க. தண்டக் கழுவித் தொடைச்சு உள்ள பொருத்துவாரு. வேற யாரும் இல்ல." அவள் கண்ணில் ஏதோ எரியத் தொடங்கியது. "வெள்ளிக்கிழம பன்னெண்டரைக்கே பட்டறை விடும். தியரி இருந்தவரைக்கும் அவரையும் கூட்டிட்டு இங்கதான் மீன் சாப்பாட்டுக்கு வருவாரு. எங்க வீட்டுக்காரரையும் சில நாள் இழுத்துட்டு வருவாரு."

"எந்தக் கடை?"

"முனையிலை இருக்கிறது" என்றான் வாமதேவன். "வெள்ளிக்கிழமை அறக்குளா மீன். அங்கை நான் கழுவின பிளேட்டுகளை அடுக்கினால் ஈபிள் கோபுரத்துக்கு அண்ணன் எண்டு சொல்லலாம்."

தெருவில் மெல்லிய மழை. லாசர் குடை பிடிக்கவில்லை. கல்யாணி அவர்களுக்கு முன்னால் நடந்தாள். அவளுடைய நடையில் பத்து நாளாக இல்லாத வேகம் இருந்தது. வாமதேவன் சற்றுப் பின்தங்கினான். நல்ல செய்தியை நோக்கி யாராவது இவ்வளவு வேகமாக நடந்தால், அந்தச் செய்தி தெருமுனையில் உடையை மாற்றிக்கொண்டு நிற்பதை அவன் பலமுறை பார்த்திருக்கிறான்.

அல்பிரட் சுவரோர மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் புதுச்சேரிக்காரர், பெரிய உடம்பு, பட்டறையின் நீலச் சட்டை. மூன்று பேரையும் பார்த்ததும் இடது கையால் நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"வா கல்யாணி. நெடு எப்பிடி இருக்காரு? சாப்பிடறாரா? லாசர், உன்ன கோயில்ல பாத்தே மூணு மாசம் ஆச்சு. உக்காருங்க, உக்காருங்க."

லாசர் சுற்றிவளைக்கவில்லை. "அல்பிரட், வெள்ளிக்கிழமையில பத்தரைக்கு மேல அந்த மெஷின யாரு ஓட்டினது?"

"நான்தான்" என்றார் அல்பிரட்.

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். கல்யாணியின் கை மேசையின் விளிம்பைப் பற்றியது.

"பழைய மெஷின்ல ஒரு தடவ காத்த இழுக்க நாப்பது நிமிஷம் ஆவும். நெடு அந்த நேரத்துல இழைய மாத்துவாரு, உள்ள தொடைப்பாரு, எப்பிடியோ ஒண்ணரை மணிய ஓட்டிடுவாரு. யாரும் கேக்க மாட்டாங்க. புதுசு வந்துச்சு பாரு, ஆறு நிமிஷம். ஆறே நிமிஷத்துல வெற்றிடம் ரெடி. சும்மா நின்னா கம்ப்யூட்டரே காட்டிக் குடுக்குது, மேலதிகாரி ஷெஃப் வந்து ஏன்னு கேக்கறாரு. பாவம், மனுஷன் வேர்த்துப் போயிட்டாரு. ஒரு நாள் எங்கிட்ட வந்து, 'அண்ணே, இந்த நேரத்துல என் கையால எதையும் ஆரம்பிக்க முடியாது. நீங்க வேதக்காரரு, உங்களுக்கு இது இல்லல்ல'ன்னாரு. நமக்கு என்னா, கோட குடு, நான் அழுத்தறேன்னேன். அதுலேருந்து அந்த நேரம் வந்தா முற்றத்துக்குப் போயிடுவாரு. மழையா இருந்தாலும் வெளியிலதான் நிப்பாரு. அறைக்குள்ளயே இருக்க மாட்டாரு."

"தண்டுல காந்தம் இருக்கான்னு நீ பாப்பியா?" லாசரின் குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது.

"அதுவா. கதவ மூடறதுக்கு முன்னாடி நெடு ஒரு சின்ன மீட்டர வெச்சி தண்டு மேல தடவிப் பாப்பாரு, டாக்டரு நெஞ்சில வெக்கிற மாதிரி. சிலத எடுத்து ஒரு வளையத்துல வுட்டு மெதுவா இழுப்பாரு. அது அவரு பழக்கம், வேலத்தாள்ல அதெல்லாம் இல்ல. அந்த மீட்டர் எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா நான் தொடைச்சி வெச்சா ஒரு விரல் ரேகை இருக்காது. எழுபத்து சொச்சம் தண்டு அழுத்தினேன், எல்லாத்துலயும் தையல் தலைமுடி மாதிரி நேரா வந்துச்சு. நெடுவே பாத்து மெச்சினாரு."

வாமதேவன் மேசையின் மரத்தைப் பார்த்தான். மிச்சக் காந்தத்தை அளந்து, வளையத்தால் நீக்கும் அந்த வேலைதான் ராகு காலத்தில் நடக்கவில்லை. கெட்டவை எந்த எந்தத் தண்டுகள் என்று அல்பிரட்டுக்கு யாரும் சொல்லவில்லை. எண்ணிக்கையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"லாசர்" என்றார் அல்பிரட். கையை அப்படியே தட்டில் வைத்தார். "அந்தப் பதினொண்ண கெடுத்தவன் யாருன்னு கண்டுபிடி. நெடு இல்ல, அது எனக்குத் தெரியும். தியரி இருபத்திரண்டு வருஷம் எம் பக்கத்துல நின்னு வேல செஞ்சவன். என் பொண்ணுக்கு ஞானத்தகப்பன். அந்தச் சவப்பெட்டிய நான் தூக்கினேன். யாருன்னு தெரிஞ்சா போதும், வேற ஒண்ணும் வேணாம்." எழுந்தார். "இரு, கொஞ்சம் சோறு வாங்கிட்டு வரேன்."

அவர் பரிமாறும் மேசைப் பக்கம் போனார்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் கல்யாணி. "எங்க வீட்டுக்காரருக்கு. அந்தப் பதினொண்ணோட நேரத்தையும் பாத்த உடனே தெரிஞ்சிருக்கு. வெட்கத்துல வாயத் திறக்கலேன்னு நெனச்சேன். அல்பிரட் அண்ணனுக்குத் தெரியக் கூடாதுன்னுதான்…"

லாசர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் இருக்கும்மா. காந்தம் பாக்க மறந்துட்டாருன்னா அது கவனக்குறைவு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். பழக்கமில்லாத ஆளுகிட்ட தெரிஞ்சே கோட குடுத்துட்டு வெளிய போயிட்டாருன்னா, அது தெரிஞ்சே விதிய மீறினது. அஞ்சு வருஷம். அல்பிரட்டும் கூட நிக்கணும்."

"அப்ப நாங்கள் கண்டுபிடிச்சது?" என்றான் வாமதேவன்.

"உண்மைதான். யாருக்கும் உதவாது."

கல்யாணி கெட்ட தண்டுகளின் நேரம் பதினொரு வரிகளில் எழுதியிருந்த தாளை நான்காக மடித்து, பிறகு எட்டாக மடித்தாள். "வக்கீலம்மாகிட்ட ஒண்ணும் கிடைக்கலேன்னு சொல்லிடுங்க. அவரு சொன்னதே இருக்கட்டும். அவரு கோட்தான். அவரு கைதான். மூணு வருஷம் நான் இருந்துக்குவேன். இவரு காதுக்கு இது போகவே கூடாது." அவள் லாசரைப் பார்த்தாள். "செய்வீங்களா?"

லாசர் தலையசைத்தார். அந்தச் சுங்கக்காரர் தன் வாழ்நாளில் ஒரு பெட்டியைத் திறந்துவிட்டு மறுபடி மூடியதை வாமதேவன் கேள்விப்பட்டதே இல்லை. இன்றுதான் பார்த்தான்.

அல்பிரட் சோற்றோடு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஏதோ நினைவு வந்தவராக இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டு மடித்த தாள் ஒன்றையும் மஞ்சள் துண்டுச் சீட்டு ஒன்றையும் எடுத்தார்.

"கல்யாணி, உங்கிட்ட குடுக்கணும்னே வெச்சிருந்தேன். இது நகல். என் பொண்ணு ஆலீஸ் அழகா பிரெஞ்சுல எழுதிக் குடுத்தா. காலையில நீதிபதிக்கு அனுப்பிட்டேன்."

வாமதேவன்தான் முதலில் தாளை வாங்கினான். நெடுஞ்செழியன் எவ்வளவு கவனமான மனிதர் என்று கடிதம் தொடங்கியது. தன் மனம் ஒப்பாத நேரத்தில் அவர் ஒரு தண்டைக்கூடத் தொடுவதில்லை என்றும், அந்த நேரங்களில் அவருக்குப் பதிலாக அவருடைய எண்ணைப் போட்டு இயந்திரத்தை ஓட்டியது தானே என்றும், இப்படிப்பட்டவரா அலட்சியம் செய்திருப்பார் என்று நீதிபதி அவர்களே யோசித்துப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. எந்த எந்த நாட்களில் என்று ஒரு பட்டியலும் இருந்தது. ஆலீஸ் அழகாகவே எழுதியிருந்தாள். நாட்களுக்கு எதிரே மணியையும் போட்டிருந்தாள்.

"தபாலைத் திருப்பி எடுக்கேலாதோ முசியே?" என்று அவன் லாசரின் காதருகே கேட்டான்.

லாசர் மஞ்சள் சீட்டைப் பார்த்தார். "ரெகொமாந்தே, பதிவுத் தபால். காலை ஒம்போதேகால். போயிடுச்சுப்பா."

"இது உதவும் இல்ல?" என்றார் அல்பிரட், ஒவ்வொரு முகமாகப் பார்த்து. "நெடுவுக்கு?"

கல்யாணி கடிதத்தை வாங்கி மணிகளைப் பார்த்தாள். எட்டாக மடித்த தாள் அவள் கைக்குள் இருந்தது. அதற்கு இப்போது ஒரு வேலையும் இல்லை. எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கும் வாமதேவன் தன் தலைக்குள் தேடினான். பதினைந்து வருடச் சமையலறைச் சிரிப்பில் ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை.

திங்கட்கிழமை, தெரியாத ஓர் அறையில், தெரியாத மனிதர் ஒருவர் கெட்ட தண்டுகளின் பட்டியலையும் இந்தக் கடிதத்தின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அல்பிரட்டிடம் கேள்வி கேட்பார். அதற்கு முன்னால் யாராவது சொல்லியாக வேண்டும். இங்கே, இந்த மேசையில், இவருடைய மொழியில். லாசரும் அதையே யோசித்தார் என்பது அவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டதில் தெரிந்தது.

"அல்பிரட், உங்கிட்ட ஒண்ணு பேசணும்."

"சொல்லேன்."

"மொதல்ல சாப்ட்டு முடி."

"இப்பவே சொல்லுப்பா, என்னா பெரிய விஷயம்."

"சாப்ட்டு முடி" என்றார் லாசர் மறுபடியும்.

அல்பிரட் தோளைக் குலுக்கிவிட்டு சோற்றில் குழம்பை ஊற்றினார். முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். நிதானமாகச் சாப்பிடுகிறவர். ஆனாலும் தட்டில் கடைசித் துண்டில் பாதிதான் மிச்சமிருந்தது.

வாமதேவன் பரிமாறுகிறவரை நோக்கிக் கையை உயர்த்தினான்.

"அண்ணை, இஞ்சை இவருக்கு இன்னொரு துண்டு மீன் போடுங்கோ. பெரிய துண்டாப் பார்த்து."